ஊதுவத்திப் புகைக்கு எத்தனை நானோமீட்டர்?

ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி அறையின் மூலையில் வைத்துவிட்டு, அந்தக் காற்றை ஒரே குழாயில் இழுத்து, இரண்டாகப் பிரித்து இரண்டு கருவிகளுக்குக் கொடுங்கள். இரண்டும் துகள்களின் அளவை அளப்பவை, இரண்டும் ஒரு நல்ல கார் வாங்கும் காசுக்கு வருபவை. திரையில் ஆளுக்கொரு மேடு வரையும். அந்த மேடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்காது. ஒரு பேச்சுக்கு, ஒன்று ‘130 நானோமீட்டர் துகள்தான் அதிகம்’ என்று சொன்னால் மற்றது ‘இல்லையே, 100தானே’ என்று சொல்லும். இதில் எது தப்பு என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். இரண்டுமே சரியாக இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. அது எப்படி என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம்.

முதலில் எந்த அளவுத் துகள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டும். செய்தியில் அடிபடும் பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரான் அல்லது அதற்குக் கீழே. நாம் பேசப்போவது 100 நானோமீட்டருக்கும் கீழே உள்ளவை, அதாவது 0.1 மைக்ரானுக்கும் கீழே. இவற்றைத்தான் அதிநுண் துகள்கள் என்கிறார்கள். வண்டிப் புகை, அடுப்புப் புகை, வெல்டிங் புகை, ஊதுவத்தி, கொசுவத்தி எல்லாவற்றிலும் இவை உண்டு. எண்ணிக்கையில் ஏராளம், எடையில் ஒன்றுமே இல்லை. 2.5 மைக்ரான் உருண்டை ஒன்றின் எடைக்கு 100 நானோமீட்டர் உருண்டைகள் 15,625 வேண்டும், 25 நானோமீட்டர் உருண்டைகள் என்றால் 10 லட்சம் வேண்டும். விட்டத்தை மும்மடியாக்கிப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். அதனால் காற்றை வடிகட்டித் தாளில் பிடித்து எடை போடும் முறையில் இந்தக் கூட்டம் கண்ணிலேயே படாது. இவற்றை எண்ணித்தான் ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2021 வழிகாட்டுதலில் அதிநுண் துகள்களுக்கு எடையில் எதுவும் சொல்லாமல் எண்ணிக்கையில்தான் சொன்னது: ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 24 மணி நேர சராசரி 1,000க்குக் கீழே இருந்தால் குறைவு, 10,000க்கு மேல் போனால் அதிகம்.

சரி, அளவுக்கு வருவோம். களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் வீட்டில் முறத்தில் புடைப்பதையாவது பார்த்திருப்பீர்கள். நெல்லும் பதரும் பார்க்க ஒரே நீளம், ஒரே பருமன். சல்லடையில் போட்டால் இரண்டும் சேர்ந்தே விழும், சேர்ந்தே நிற்கும். காற்றில் தூற்றினால் மட்டும் பதர் தள்ளிப்போய் விழும், நெல் நேராக விழும். சல்லடையைக் கேட்டால் இரண்டும் ஒரே அளவு, காற்றைக் கேட்டால் வேறு வேறு. இரண்டுமே பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விதான் வேறு.

100 நானோமீட்டருக்குக் கீழே எடுத்துப் பிடித்து அளக்க ஸ்கேல் கிடையாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம், ஆனால் அதற்குத் துகளைத் தட்டில் பிடித்து வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும், காற்றில் மிதக்கும்போதே பார்க்க முடியாது. அதனால் கருவிகள் எல்லாம் துகளை ஏதாவது செய்து பார்த்து, அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து ‘இப்படி நடந்துகொள்ள ஒரு உருண்டை எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்’ என்று கணக்குப் போடுகின்றன. ஒன்று மின்புலத்தில் இழுத்துப் பார்க்கும், ஒன்று வேகமாக ஓடவிட்டுத் திருப்பிப் பார்க்கும், ஒன்று வெளிச்சம் போட்டுப் பார்க்கும். துகள் உண்மையிலேயே வழவழப்பான உருண்டையாக, அடர்த்தி தெரிந்ததாக இருந்துவிட்டால் பதில்களை ஒன்றோடொன்று பொருத்திவிடலாம். புகைக்கரி அப்படி இருப்பதே இல்லை.

வெளிச்ச முறையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதிநுண் துகளுக்கு அது பெரிதாக உதவாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைவிட மிகச் சிறிய துகள் சிதறவிடும் ஒளி, விட்டத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். விட்டம் பாதியானால் ஒளி 64இல் ஒரு பங்கு, பத்தில் ஒன்றானால் 10 லட்சத்தில் ஒரு பங்கு. வீட்டுக்கு வாங்கும் மலிவு விலைக் காற்றுத்தர மீட்டர்கள் இந்த வகைதான். அவற்றுக்குச் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே பார்வை மங்கிவிடும், அதற்கும் கீழே இருக்கும் கூட்டத்தை ஊகத்தில்தான் நிரப்பும். அதை வைத்துக்கொண்டு ‘எங்கள் தெருவில் அதிநுண் துகளே இல்லை’ என்று சொல்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை.

இவ்வளவு சிறியதை எண்ணுவது எப்படி என்பதற்கான தந்திரம் 1880களிலேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன், ஈரக் காற்றைச் சட்டென்று விரியவிட்டுக் குளிரவைத்தார். ஒவ்வொரு தூசைச் சுற்றியும் தண்ணீர் படிந்து துளியானது. கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விழுந்த துளிகளை உருப்பெருக்கியில் எண்ணினார். இன்றைய சிபிசி எனப்படும் ஒடுக்கத் துகள் எண்ணி செய்வதும் அதேதான். பெரும்பாலும் தண்ணீருக்குப் பதில் பியூட்டனால் ஆவி. அது உள்ள வெதுவெதுப்பான அறை வழியாகக் காற்று போய்க் குளிர்ந்த குழாய்க்குள் நுழையும்போது துகள் மேல் ஆவி படிந்து, சில மைக்ரான் துளியாக ஊதிப் பெருக்கும். லேசர் அதை ஒன்று, இரண்டு என்று எண்ணும். இந்த பியூட்டனால் வாடை இருக்கிறதே, கருவி ஓடும் ஆய்வகத்துக்குப் போய்வந்தவர் சட்டையிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் சிபிசியில் ஒரு குறை: 10 நானோமீட்டரும் 100 நானோமீட்டரும் வெளியே வரும்போது ஏறக்குறைய ஒரே அளவுத் துளிதான். எத்தனை என்று சொல்லும், எத்தனை பெரிது என்று சொல்லாது.

அதனால் அதற்கு முன்னால் ஒரு பிரிப்பான் வேண்டும். அதுதான் டிஎம்ஏ, மின் நகர்திறனை, அதாவது மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்துத் துகளைப் பிரிக்கும் குழாய். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நட்சனும் விட்பியும் 1975இல் இதன் கணக்கைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். பரவலாகப் பயன்படும் மாதிரி கிட்டத்தட்ட ஒரு முழ நீளம். எவர்சில்வர் குழாய், அதன் நடுவில் ஒரு எவர்சில்வர் கம்பி, இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் சந்து. அந்தச் சந்தில் சுத்தமான காற்று மேலிருந்து கீழே சலனமே இல்லாமல் வழுக்கி இறங்கும். அதன் வெளி ஓரமாக, பத்தில் ஒரு பங்கு அளவில், நம் புகைக்காற்று மெல்லிய ஏடு போல ஒட்டிக்கொண்டு இறங்கும். நடுக்கம்பிக்கு மின்னழுத்தம் கொடுத்தால், மின்னேற்றம் உள்ள துகள்கள் சுத்தமான காற்றைக் குறுக்காகக் கடந்து கம்பியை நோக்கி நகரும். மிகச் சிறியது சட்டென்று போய்க் கம்பியின் மேல்பகுதியிலேயே ஒட்டிக்கொள்ளும். பெரியது காற்றின் இழுவையைத் தாண்ட முடியாமல் நேராக அடித்துச் செல்லப்படும். இடைப்பட்ட ஒரே ஒரு அளவு மட்டும் கம்பியின் அடியில் உள்ள குறுகிய பிளவுக்குச் சரியாக வந்து சேரும். அதை சிபிசி எண்ணும். மின்னழுத்தத்தைச் சில வோல்ட்டிலிருந்து 10,000 வோல்ட் வரை ஏற்றிக்கொண்டே போனால் சிறியதிலிருந்து பெரியது வரை ஒவ்வொரு அளவாகப் பிளவுக்கு வரும். வாங், ஃபிளாகன் இருவரும் 1990இல், படிப்படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றுவதற்குப் பதில் நிற்காமல் ஏற்றிக்கொண்டே எண்ணலாம் என்று காட்டியபின் வேலை வேகமானது. டிஎம்ஏவும் சிபிசியும் சேர்ந்த இந்த ஜோடிக்குத்தான் எஸ்எம்பிஎஸ் என்று பெயர்.

மற்றவற்றை ஒப்பிடும்போது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் அளவுகோலாக வைப்பார்கள். நியாயம்தான், ஆனால் அதற்கும் இரண்டு பலவீனம் உண்டு, இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, மின்னேற்றம். காற்றைக் கதிரியக்க மூலம் அல்லது மென் எக்ஸ் கதிர் வழியாக அனுப்பி, நேர், எதிர் அயனிகள் இரண்டுக்கும் நடுவே துகளைப் புரட்டி எடுத்து, தெரிந்த ஒரு மின்னேற்ற நிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்த நிலையில் 100 நானோமீட்டர் துகள்களில் ஏறக்குறைய கால்வாசிதான் ஒற்றை எதிர்மின்னேற்றம் வைத்திருக்கும். 10 நானோமீட்டரில் அது நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு வந்துவிடும். ஆக, கருவி உண்மையில் பார்ப்பது அந்த ஐந்தை, திரையில் காட்டுவது நூறை, மீதி கணக்கு. பெரிய பக்கத்தில் வேறு தொல்லை. இரண்டு மின்னேற்றம் ஏறிய பெரிய துகள், ஒற்றை மின்னேற்றம் உள்ள சின்னத் துகளைப் போலவே நகர்ந்து அதே பிளவுக்குள் வந்து நிற்கும். அதையும் மென்பொருள்தான் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். மின்னழுத்தத்தின் ஒரு ஏற்றம் முடிய பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து நிமிடம். சாலையோரம் வைத்திருக்கிறீர்கள், ஏற்றம் 40 நானோமீட்டரைத் தாண்டும் நேரம் பார்த்து ஒரு பழைய லாரி புகை கக்கிக்கொண்டு போகிறது. வரைபடத்தில் 40இல் ஒரு கூரிய மேடு வந்துவிடும். அந்தப் புகையில் 40 நானோமீட்டர்தான் அதிகம் என்று அதற்கு அர்த்தமே இல்லை, லாரி வந்தபோது கருவி அங்கே பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அரை நிமிடம் தள்ளி வந்திருந்தால் மேடு வேறு இடத்தில் நின்றிருக்கும்.

இதற்கு மாற்றாக வந்தவை வேகக்கருவிகள். எஃப்எம்பிஎஸ், அதன் தம்பி ஈஈபிஎஸ் இரண்டும் 5.6இலிருந்து 560 நானோமீட்டர் வரை ஒரே வீச்சில் பார்க்கும். முன்னது நொடிக்கு ஒரு தடவை, பின்னது நொடிக்குப் பத்துத் தடவை. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த வடிவமைப்பு இது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தயாராகும் டிஎம்எஸ் 500உம் இதே வழிதான். டிஎம்ஏவில் ஒரே பிளவு. இங்கே குழாயின் சுவரில் மேலிருந்து கீழ்வரை வளையம் வளையமாக மின்னோட்டமானிகள். சிறியது மேல் வளையத்தில் போய் ஒட்டும், பெரியது கீழே. எல்லா வளையமும் ஒரே நேரத்தில் அளப்பதால் காத்திருக்கத் தேவையில்லை. இன்ஜினை முடுக்கும்போது புகை எப்படி மாறுகிறது என்று பார்க்க இதுதான் சரி, எஸ்எம்பிஎஸ் அங்கே பாவம்.

ஆனால் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சிபிசி ஒற்றைத் துகளைக்கூட எண்ணிவிடும். மின்னோட்டமானிக்குக் கூட்டம் வேண்டும். ஒரு ஃபெம்டோ ஆம்பியர் என்பதே நொடிக்குச் சுமார் 6,240 எலக்ட்ரான் மின்னேற்றம். நகர மையத்தில் கவலையில்லை, மலைக்காட்டுக் காற்றில் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அப்புறம், ஒவ்வொரு துகளிலும் மின்னேற்றம் ஏற வேண்டும் என்பதற்காக இங்கே ஒரே வகை அயனிகளைப் பாய்ச்சுவார்கள். பெரிய துகள் பல மின்னேற்றங்களை வாங்கிக்கொள்ளும். எத்தனை வாங்கும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. உருண்டைக்கு ஒரு கணக்கு; திராட்சைக் கொத்து போலக் கிளைத்து நிற்கும் புகைக்கரி அதைவிடக் கூடுதலாக வாங்கும், கூடுதலாக வாங்கினால் வேகமாக நகரும், வேகமாக நகர்ந்தால் கருவி ‘சின்னத் துகள்’ என்று எழுதிவிடும். எஃப்எம்பிஎஸ் சுமார் 80 நானோமீட்டருக்கு மேல் உள்ளதைச் சிறிதாகக் காட்டுகிறது என்ற புகார் ஒப்பீடுகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தயாரிப்பாளரே பின்னால் புகைக்கரிக்கென்று தனிக் கணக்கீட்டு அட்டவணை கொடுத்தார்கள். ஆகவே யாராவது எஃப்எம்பிஎஸ் வரைபடம் காட்டினால், எந்த அட்டவணையில் கணக்குப் போட்டது என்று கேளுங்கள்.

இனி முறம். ஃபின்லாந்தின் தம்பேரே நகரத்திலிருந்து வரும் எல்பி என்ற கருவி, துகளை வேகமாகப் பாயவிட்டுத் தட்டுக்கு முன்னால் காற்றைச் சட்டென்று திருப்பும். கனமானது திரும்ப முடியாமல் நேராகப் போய்த் தட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும், லேசானது காற்றோடு வளைந்து அடுத்த தட்டுக்குப் போகும். இப்போதைய மாதிரியில் இப்படி 14 அடுக்கு, 6 நானோமீட்டர் முதல் 10 மைக்ரான் வரை. முன்பே மின்னேற்றிவிடுவதால் எந்தத் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று உடனுக்குடன் தெரியும். இது சொல்லும் அளவுக்குக் காற்றியக்க விட்டம் என்று பெயர்: இந்தத் துகளைப் போலவே நடந்துகொள்ளும், தண்ணீரின் அடர்த்தி கொண்ட உருண்டையின் விட்டம். வேறு கருவிகளில் இல்லாத வசதி ஒன்று, தட்டில் விரித்த தகட்டை எடுத்துப்போய் அதில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று சோதிக்கலாம்.

இப்போது எஸ்எம்பிஎஸ்ஸையும் எல்பியையும் பக்கத்தில் வையுங்கள். எஸ்எம்பிஎஸ் 100 நானோமீட்டர் என்று சொல்லும் அம்மோனியம் சல்ஃபேட் துகளை எடுத்தால், அதன் அடர்த்தி தண்ணீரைப் போல 1.77 மடங்கு, எல்பி அதைச் சுமார் 150 என்று சொல்லும். அதே எஸ்எம்பிஎஸ் 200 என்று சொல்லும் ஒரு புகைக்கரிக் கொத்து, உள்ளே வெற்றிடம் அதிகமாகி மொத்த அடர்த்தி தண்ணீரில் பாதிதான் என்றால், எல்பிக்கு அது சுமார் 120தான். ஒன்றில் கூடுகிறது, மற்றதில் குறைகிறது! ஒரே பெருக்கெண் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். நெல்லும் பதரும் கலந்த குவியலுக்கு ஒரே பெருக்கெண் ஏது? ஆனால் இந்த வித்தியாசத்திலேயே ஒரு ஆதாயம் இருக்கிறது. இரண்டு அளவும் தெரிந்தால் துகளின் அடர்த்தியைப் பின்னோக்கிக் கணக்கிடலாம், அதற்காகவே இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் உண்டு.

சின்னத் துகளுக்கு இன்னொரு குணம் உண்டு. அறைக் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதாமல் போகும் சராசரித் தூரமே சுமார் 67 நானோமீட்டர். அதைவிடச் சிறிய துகளுக்குக் காற்று ஒரு பாய்மமாகவே தெரியாது. சந்தைக் கூட்டத்தில் சின்னப் பையன் நழுவுவது போல நழுவிப் போய்விடும். இந்த நழுவலுக்கான திருத்தத்தை கன்னிங்ஹாம் 1910இல் கொடுத்தார். எலக்ட்ரானின் மின்னேற்றத்தை அளந்த மில்லிகனின் எண்ணெய்த்துளிச் சோதனைக்கும் இப்படி ஒரு திருத்தம் தேவைப்பட்டது. மேலே சொன்ன 150, 120 எல்லாம் அதைப் போட்ட பிறகு வருபவை.

சரி, ஒப்பிடும்போது எங்கே ஏமாறுவோம்? முதல் இடம் வரைபடத்தின் செங்குத்து அச்சு. ஒரு கருவி 10 முதல் 100 நானோமீட்டர் வரை 16 பெட்டியாகப் பிரிக்கும், இன்னொன்று 64 பெட்டியாக. ஒரே காற்றில் முதல் கருவியின் பெட்டி ஒன்றில் 400 துகள் இருந்தால் இரண்டாவதில் அதே இடத்தில் நான்கு பெட்டி, ஆளுக்குச் சுமார் 100. அப்படியே வரைந்தால் ஒன்று நான்கு மடங்கு காட்டுவது போலத் தெரியும். அதனால்தான் எண்ணிக்கையைப் பெட்டியின் மடக்கை அகலத்தால் வகுத்து வரைகிறார்கள். டிஎன் பை டிலாக் டிபி என்று அச்சில் எழுதியிருப்பது இதைத்தான், பயந்துவிடாதீர்கள்.

இரண்டாவது இடம் குழாய். ஆரம்பத்தில் ஒரு ஆய்வகத்தில் இரண்டு கருவிகளை ஓட்டியபோது, ஒன்று 30 நானோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய எதையுமே காட்டவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் அதைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒருவர் வந்து, ‘தம்பி, ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாருங்க’ என்றார். மாற்றினேன். இப்போது நல்ல கருவி குருடானது, கெட்ட கருவி தெளிவாகப் பார்த்தது. அந்தப் பக்கம் மூன்று மீட்டர் சாதாரண பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தேன், இந்தப் பக்கம் அரை மீட்டர். சின்னத் துகள் காற்றில் அலைந்து திரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், குழாய் நீள நீள இழப்பு கூடும். போதாததற்கு பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் சேர்ந்து, மின்னேற்றம் உள்ளதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எவர்சில்வர் குழாய் அல்லது மின்கடத்தும் ரப்பர் குழாய், இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே காற்றோட்டம். இது இல்லாமல் ஒப்பிடுவது வீண். காற்றையும் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே வரும்படி உலர்த்திக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் குடித்து உப்பிய துகளை அளந்துகொண்டிருப்போம்.

இதையெல்லாம் முறையாகச் செய்யும் இடம் ஜெர்மனியின் லைப்சிக்கில் உள்ளது. உலக வானிலை அமைப்பின் கீழ் காற்றுத்துகள் கருவிகளுக்கான உலக அளவுத்திருத்த மையம் அங்கேதான். பல நாட்டுக் கருவிகளைக் கொண்டுவந்து ஒரே அறையில் ஒரே காற்றைக் கொடுத்து ஓட்டுவார்கள். அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் உருண்டைகளை, வழக்கமாக 203 நானோமீட்டர், விட்டு மேடு சரியான இடத்தில் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, வெவ்வேறு வடிவமைப்புள்ள எஸ்எம்பிஎஸ் வகைக் கருவிகள், உட்புற இழப்புகளைத் திருத்திய பிறகு, 20 முதல் 200 நானோமீட்டர் வரை சுமார் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போகின்றன. அதற்குக் கீழேயும் மேலேயும் வித்தியாசம் கூடுகிறது. கவனியுங்கள், இது ஒரே குடும்பத்துக் கருவிகள், தேர்ந்த கைகள், ஆய்வகச் சூழல். அங்கேயே பத்து சதவீதம் என்றால், சாலையோரத்தில் இரண்டு வெவ்வேறு வகைக் கருவி 30 சதவீதம் விலகினால் நான் பதறமாட்டேன். அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனால்தான் சந்தேகப்படுவேன்.

வாகனச் சோதனையில் இந்தத் தலைவலியை வேறு விதமாகத் தீர்த்தார்கள்: அளவைப் பிரிப்பதையே விட்டுவிட்டு வெறும் எண்ணிக்கை. புகையை 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆவியாகக்கூடிய துளிகளை விரட்டிவிட்டு, மிஞ்சும் திடத்துகளை மட்டும் சிபிசியில் எண்ணுவது. வாகனப் புகை விதிகளில், ஐரோப்பாவில் யூரோ 5இன் பிற்பகுதியிலிருந்தும், இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6இலிருந்தும் டீசல் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 60 ஆயிரம் கோடி துகள் என்ற வரம்பு இருக்கிறது. அந்த எண்ணி 23 நானோமீட்டர் துகள்களில் பாதியைத்தான் பிடிக்கும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. அதற்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் கணக்கில் வராது. யூரோ 7இல் இதை 10 நானோமீட்டருக்கு இறக்கியிருக்கிறார்கள். அப்படி இறக்கியதும் அதே வண்டி, அதே புகை, எண் மட்டும் கூடித் தெரியும். செய்தியில் ‘புதிய சோதனையில் துகள் அதிகரிப்பு’ என்று வந்தால், கீழ் எல்லை எங்கே என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.